ஆடு உரிக்க நல்ல கத்தி வாங்குவது எப்படி: கொழும்பில் முதன்முறை இந்த வேலையில் இறங்குபவருக்கு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உழ்ஹிய்யா (குர்பானி) கொடுக்கும் வீட்டாரும், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பங்கு இறைச்சி போடுபவர்களும் கத்தியைப் பற்றி யோசிப்பது அநேகமாக முதல்நாள் மாலையில்தான். அவசரமாகப் புறக்கோட்டைக்கு ஓடிக் கண்ணில் பட்டதில் பெரியதை வாங்கி வருவார்கள். மறுநாள் தோல் கிழியும். இரைப்பை ஓட்டையாகி இறைச்சி நாறும். யாராவது ஒருவர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலைக்குப் பொருந்தாத கத்தி, அதுவும் மொட்டைக் கத்தி. இரண்டு வாரம் முன்னால் தொடங்கினால் இவற்றில் எதுவும் நடக்கத் தேவையில்லை.

1. கத்திக்கு முன் அனுமதி

வெளிநாட்டுக் கத்திக் காணொளிகள் பெரும்பாலும் மான் வேட்டையைக் காட்டுகின்றன. இலங்கையில் மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. வேட்டையாடுவது மட்டுமில்லை, அந்த இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். "ஊரிலிருந்து மரை இறைச்சி வந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இங்கே சொல்வதெல்லாம் ஆட்டுக்கு. அனுமதியோடு மான் வேட்டையாடும் நாட்டில் உறவினர் இருந்தால் அவருக்கும் இதே கத்திதான் பொருந்தும். ஆட்டின் உடலமைப்பும் சிறிய மானின் உடலமைப்பும் கத்தி வேலைக்கு ஏறத்தாழ ஒன்று.

ஆட்டையும் நினைத்த இடத்தில் அறுக்க முடியாது. உங்கள் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். ஆடு வாங்கிய பற்றுச்சீட்டு, கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்று, சபையின் அனுமதிக் கடிதம் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். ஆட்டை வேறு மாவட்டத்திலிருந்து ஏற்றி வருவதானால், வழியில் மறித்தால் காட்ட இந்த உறை கையோடு இருக்க வேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் அறுப்புக்கும் இறைச்சி விற்பனைக்கும் தடை. ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பத்தில் வருவதால் பௌர்ணமி அடுத்த நாலைந்து நாளுக்குள் வந்துவிடும். "நாலாம் நாள் ஆறுதலாகச் செய்யலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

2. எத்தனை கத்தி வேண்டும்

ஒரே கத்தியால் எல்லாம் செய்ய நினைப்பதுதான் முதல் தவறு. நான்கு வேலை இருக்கிறது: அறுப்பது, உரித்து வயிற்றைத் திறப்பது, எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பது, எலும்பை வெட்டுவது.

அறுப்புக் கத்தி நீளமாக இருக்க வேண்டும். கழுத்தின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நீளம் என்பது கணக்கு. ஆட்டுக்கு 8 முதல் 10 அங்குலம் போதும். கத்தியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், ஒரு பல்கூட (சிறு உடைவுகூட) விழுந்திருக்கக் கூடாது. அறுப்பதற்கென்று பழக்கப்பட்ட ஒருவரை அழைப்பதானால் அவர் தன் கத்தியோடு வருவார். இதை நீங்கள் வாங்கவே தேவையில்லை.

எலும்பு வெட்டும் மன்னாக்கத்தியைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம். இறைச்சிக் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளவும் முடியும்.

ஆகவே நீங்கள் உண்மையில் வாங்க வேண்டியது நடுவில் உள்ள இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு சிறிய கத்தி. பணமும் கவனமும் அதில்தான் போக வேண்டும். ஆள்பலம் இருந்தால் அதே கத்தியில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ரோமத்தைத் தொடுவதற்கு, மற்றது இறைச்சியைத் தொடுவதற்கு.

3. நீளம், கனம், முனை

அலகின் நீளம் 3½ முதல் 4 அங்குலம். இதைக் கேட்டதும் "பழம் வெட்டும் கத்தி அளவா?" என்பார்கள். ஆம், கிட்டத்தட்ட அந்த அளவுதான். வயிற்றுக்குள் கை போனபிறகு உங்கள் கண்ணுக்கு முனை தெரியாது. ஆட்காட்டி விரலை முதுகுப்பக்கம் நீட்டினால் விரல்நுனி முனைக்குக் கிட்ட நிற்க வேண்டும். அப்போதுதான் முனை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். 6 அங்குலக் கத்தியில் முனை விரலைத் தாண்டி எங்கோ திரியும். இரைப்பையும் மூத்திரப்பையும் ஓட்டையாவது அப்படித்தான்.

முதுகின் கனம் 2 முதல் 3 மில்லிமீற்றர். 4க்கு மேல் போனால் தோலுக்கும் சதைக்கும் இடையே உள்ள மெல்லிய சவ்வில் அது வழுக்காமல் ஆப்புப்போல் இறுகும். 1½க்குக் கீழே போனால் மூட்டில் திருப்பும்போது வளையும்.

முனை விடயத்தில் மூன்று வகை பார்ப்பீர்கள். முதுகு மெல்லச் சரிந்து முனை நடுக்கோட்டுக்கு இறங்கும் வகைதான் புதியவருக்கு ஏற்றது. முனை அடங்கி இருப்பதால் குடலில் குத்தாது. வாயில் நல்ல வளைவு இருப்பதால் உரிக்கவும் வசதி. முதுகைக் குழித்து முனையை ஊசிபோல் நீட்டிய வகை அழகாக இருக்கும், குத்துவதற்கு நல்லது, இந்த வேலைக்கு ஆபத்து. முனை மேல்நோக்கி வளைந்த அகலமான வகை உரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அனுபவக்காரர் கையில் அது பறக்கும், ஆனால் வயிற்றைத் திறக்க அதே கத்தியை எடுத்தால் சறுக்கும்.

முதுகில் கொக்கி வைத்த கத்தியை விற்பனையாளர் "வயிறு திறக்க ஸ்பெஷல்" என்று காட்டுவார். கொக்கியின் உள்வளைவைச் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது, கொழுப்பும் ரோமமும் அடைத்துக்கொள்ளும். இரண்டு ஆட்டோடு அது மழுங்கிப் போகும். தேவையில்லை. முதுகில் ரம்பப் பல் உள்ளதையும் விட்டுவிடுங்கள். விரல் வைத்து அழுத்த வேண்டிய இடத்தில் அந்தப் பல் இருக்கும்.

மடக்குக் கத்தியும் வேண்டாம். மடிப்புக்குள் இரத்தமும் கொழுப்பும் போனால் முழுதாகக் கழுவ முடியாது. ஈரக் கையில் பூட்டுக் கழன்றால் மடிவது உங்கள் விரல்மேல்.

4. உருக்கு

கொழும்பின் கடற்காற்றில் இந்தத் தெரிவுக்கு இரட்டை முக்கியத்துவம். கரிம உருக்குக் கத்தி சீக்கிரம் கூராகும். ஆனால் இரத்தம் பட்டு அரை மணி நேரம் கழுவாமல் கிடந்தால் புள்ளி விழும், ஈரமாக அலுமாரிக்குள் வைத்தால் மறுநாளே கறள். வருடத்தில் ஓரிரு முறைதான் எடுப்பீர்கள் என்றால் துருப்பிடிக்காத உருக்கே சரி.

துருப்பிடிக்காததிலும் வித்தியாசம் உண்டு. அலகில் 1.4116 என்ற எண் இருந்தால் அது அரை வீதம் அளவு கரிமமும் 15 வீதம் அளவு குரோமியமும் உள்ள ஜெர்மன் வகை. இறைச்சிக் கூடங்களில் அதிகம் புழங்குவது அதுதான். கொஞ்சம் மென்மையானது, சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் தீட்டுக்கோலில் இரண்டு இழுப்பில் மீளும். சுவீடன் உருக்கான 12சி27 அதைவிடச் சற்றுக் கடினம், கூர் அதிக நேரம் நிற்கும். 3சிஆர்13 என்றிருந்தால் மலிவு வகை. ஒரு ஆட்டுக்கு நடுவிலேயே பலமுறை தீட்ட வேண்டிவரும். டி2 நல்ல உருக்கு, கூர் நெடுநேரம் நிற்கும். ஆனால் குரோமியம் 12 வீதமளவே இருப்பதால் முழுதாகக் கறள் தாங்காது, சாதாரணக் கல்லில் தீட்டுவதும் கடினம். புதியவருக்கு அது சுமை.

கடினத்தன்மை ரொக்வெல் சி அளவில் 55 முதல் 58 வரை இருந்தால் போதும். 60க்கு மேற்பட்டதைத் தேடி ஓட வேண்டாம். மூட்டில் திருப்பும்போது வாய் உடையும், வீட்டில் தீட்டவும் பொறுமை போதாது.

வெறுமனே "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் அடித்திருந்தால் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். வாட்டிக் கடினமாக்கக்கூடிய கத்தி உருக்குக் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால் அது சட்டி, கரண்டி செய்யும் வகை. அதற்குக் கூர் ஏறினாலும் நிற்காது. ஒட்டினால் நல்லது என்று அர்த்தமில்லை, ஒட்டாவிட்டால் வாங்கக் கூடாது என்பது நிச்சயம்.

5. பிடி

கத்தியின் கூரைவிடக் காயத்துக்கு அதிகம் காரணமாவது பிடிதான். ஆட்டுக் கொழுப்புப் பட்ட கையில் வழவழப்பான மரப்பிடியும் பளபளக்கும் உலோகப்பிடியும் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். இறப்பர் பூசியதோ, சொரசொரப்பான பிளாஸ்ரிக்கோ வாங்குங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் விரல் முன்னே சரியாமல் தடுக்க ஒரு மேடு இருக்க வேண்டும். மேடு இல்லாத சமையலறைக் கத்தியில் முனை எலும்பில் முட்டி நின்றுவிட்டால் கை அலகின்மேல் ஓடிவிடும்.

அலகின் உலோகம் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். ஆணி அடித்த பிடியில் பிடியின் முதுகில் உலோகக் கோடு கடைசிவரை தெரிய வேண்டும். வார்த்த பிளாஸ்ரிக் பிடியில் அது தெரியாது. அங்கே கடையையும் பெயரையும் நம்பித்தான் வாங்க வேண்டும். பிடி உள்ளே வெறும் குழாயாக இருந்து தீப்பெட்டி, ஊசிநூல் வைக்க இடம் உள்ள கத்தி முற்றாக வேண்டாம். அழுத்தும்போது கழுத்தில் முறியும்.

6. கடையில்

இரும்புச் சாமான் கடைகள் நெருங்கி இருக்கும் பழைய சோனகத் தெருப் பக்கம் வார நாளில் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்காது. பெருநாளுக்கு முந்திய வாரம் நெரிசலில் நின்று பார்த்து வாங்க விடமாட்டார்கள். கையில் காந்தம், அளவுகோல், பழைய பத்திரிகைத்தாள், இவ்வளவும் கொண்டு போனால் போதும்.

அலகை வெளிச்சத்துக்கு நேரே, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாக மின்னும் புள்ளி இருந்தால் அந்த இடம் மழுங்கியோ பல் விழுந்தோ இருக்கிறது. முதுகுப் பக்கமாக ஒற்றைக் கண்ணால் பார்த்தால் வளைவு தெரியும். பிடியை நெரித்து அசைத்துப் பாருங்கள், ஆணியில் ஆட்டம் இருக்கக் கூடாது. வாயின் அடிப்பகுதி பிடியோடு சேரும் இடத்தில் தீட்டாத கட்டை அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் அந்த நீளம் உங்களுக்கு வீண். புதுக்கத்தி தாளைச் சுத்தமாக வெட்டாவிட்டால் அதற்காகவே ஒதுக்க வேண்டாம். வீட்டில் தீட்டிக் கூர் ஏற்றலாம், வடிவத்தை மாற்ற முடியாது.

அலையலையாகக் கோலம் போட்ட "டமாஸ்கஸ்" கத்திகள் மலிவாகக் கிடைத்தால் அந்தக் கோலம் பெரும்பாலும் மேலே அரித்தது அல்லது அச்சடித்தது. கறுப்புப் பூச்சுள்ளதும் வேண்டாம், பூச்சு உரிந்து இறைச்சியில் சேரும்.

விக்டோரினொக்ஸ் போன்ற பெயர்களில் போலியும் உண்டு. உறையில் எழுத்துப்பிழை, அலகில் முத்திரை மங்கல், வழக்கத்துக்கு மாறான மலிவு, இவற்றில் இரண்டு சேர்ந்தால் திரும்பி வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லலாம் என்றால் மோரா என்னும் சுவீடன் நிறுவனத்தின் கம்பானியன் வகையில் துருப்பிடிக்காத உருக்கைக் கேளுங்கள். 10 சென்ரிமீற்றர் சொச்சம் நீளம், 2.5 மில்லிமீற்றர் கனம், இறப்பர் சேர்ந்த பிடி, பிளாஸ்ரிக் உறை: இந்த வேலைக்குச் சொல்லிவைத்த அளவு. அவர் அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது. உறையோடு அட்டையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் ஏற்ற ஒப்படைக்க வேண்டும். கடைப் பற்றுச்சீட்டும் கூட வரட்டும்.

நீங்கள் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வரும்போதும் இதே கவனம் வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல், பற்றுச்சீட்டோடு, பையின் அடியில். இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினால் பொலிஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது சிரமம்.

7. கம்மாலைக் கத்தி

ஊருக்குப் போகும்போது கம்மாலையில் சொல்லிச் செய்விப்பது நல்ல வழி. லொறியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி உறுதியானது, எலும்பு வெட்டும் கத்திக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. உரிக்கும் கத்திக்குச் சொல்வதானால் கனத்தை 3 மில்லிமீற்றருக்குள் கேளுங்கள். சொல்லாவிட்டால் 5இல் அடித்துத் தருவார். அட்டையில் வடிவத்தை வெட்டிக் கொடுப்பது வாயால் விளக்குவதைவிட மேல். ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். அவசரப்படுத்தினால் தோய்ச்சல் (சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்குவது) சரியாக அமையாது, வாய் ஒன்றில் மடங்கும் அல்லது உடையும். வாங்கியதும் வாயின் ஓரத்தில் சிறு அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. கடித்து இழுத்தால் மென்மை, திருப்பிக் கொடுங்கள். இது கரிம உருக்கு, கறள் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

8. பணத்தைப் பிரிப்பது

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைவிடப் பங்குக் கணக்கு உதவும். ஒதுக்கிய பணத்தில் பாதி கத்திக்கு. மிகுதிப் பாதியில் பெரும்பங்கு தீட்டுக்கல்லுக்கு, கடைசிப் பங்கு தீட்டுக்கோலுக்கும் வெட்டுப்படாத கையுறைக்கும். பணம் போதாவிட்டால் கத்தியின் தரத்தைக் குறையுங்கள், கல்லை விடாதீர்கள். நல்ல கல்லில் தீட்டிய மலிவுக் கத்தி, தீட்டத் தெரியாதவர் கையிலுள்ள விலையுயர்ந்த கத்தியை எந்த நாளும் வெல்லும்.

9. தீட்டுவது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வேலைக்கு ஒரு வாரம் முன்பே பழகத் தொடங்குங்கள்.

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் சமையல் கத்தியைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்காதீர்கள். காய்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கத் தீட்டினால் வாயின் ஓரம் சூடேறும். உருக்கில் நீலநிறம் தெரிந்தால் அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவைத் தொட்டிருக்கிறது. தோய்ச்சல் இறங்கிவிட்டது, இனி அங்கே கூர் நிற்காது.

கல்: 400இலும் 1000இலும் (எண் கூடக் கூடக் கல் நுணுக்கம்) இரண்டு பக்கமுள்ள தண்ணீர்க் கல் ஒன்று. இரும்புக் கடைகளில் கிடைக்கும் சாம்பல்நிறச் சாதாரணக் கல் மிகக் கரடு, பல் விழுந்த வாயை நேராக்க மட்டும் உதவும். 3000க்கு மேல் கண்ணாடிபோல் மினுக்கத் தேவையில்லை. தோலிலும் சவ்விலும் சற்றுச் சொரசொரப்பான கூர்தான் பிடித்து அறுக்கும்.

கோணம்: பக்கத்துக்கு 20 பாகை. கணிக்க எளிய வழி, அடிப்பக்கம் 100 மில்லிமீற்றரும் உயரம் 36 மில்லிமீற்றரும் உள்ள செங்கோண முக்கோணத்தை அட்டையில் வெட்டிக் கல்லருகே வையுங்கள். அதன் சரிவு 20 பாகை. 25 மில்லிமீற்றர் அகல அலகானால் முதுகைக் கல்லிலிருந்து எட்டரை மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும், 30 என்றால் பத்து.

கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்துணிமேல் வையுங்கள். 400 பக்கத்தில் ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தீட்டுங்கள். மறுபக்கத்தில் பெருவிரலை வாயிலிருந்து வெளிப்புறமாக இழுத்தால் கம்பி நுனிபோல் ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும், அடியிலிருந்து முனைவரை ஓரிடமும் விடாமல். அது வருமுன் மறுபக்கம் மாறுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பிசிறு வந்ததும் திருப்பி அதேபோல். பிறகு 1000 பக்கத்தில் பக்கத்துக்கு பதினைந்து, அதன்பின் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பத்து, ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. முனையின் வளைவில் பிடியைச் சற்று உயர்த்தாவிட்டால் முனை மொட்டையாகவே இருக்கும். கடைசியாகப் பழைய தோல் பட்டியின் உட்பக்கத்தில், வாய் பின்னால் இருக்க இழுத்துப் பத்துத் தரம்.

தொங்கவிட்ட பத்திரிகைத்தாளை அழுத்தாமல் வெட்ட வேண்டும். எங்கே கிழிக்கிறதோ அந்த இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது.

10. அன்றைக்கு

கத்தியின் கூரை அழிப்பது இறைச்சியில்லை, ரோமமும் அதில் ஒட்டிய மண்ணும். அதனால் தோலை வெளியிலிருந்து உள்ளே வெட்டவே கூடாது. சிறு துளையிட்டு, முனையைத் தோலுக்கு அடியில் விட்டு, வாய் மேல்நோக்க உள்ளிருந்து வெளியே அறுங்கள். ரோமம் பிரிந்து விலகும், கூர் தப்பும், இறைச்சியில் ரோமமும் ஒட்டாது. பின்னங்காலில் கோடிட்டுத் திறந்தபின் முதுகிலும் விலாவிலும் கத்தியை வைத்துவிட்டு மூடிய கைமுட்டியால் தள்ளுங்கள். உடல் சூடாக இருக்கும்வரை தோல் தானாகக் கழலும்.

வயிற்றைத் திறக்குமுன் குதத்தைச் சுற்றி வட்டமாக அறுத்துக் கட்டிவிடுங்கள், இரைக்குழாயையும் கட்டுங்கள். பின் இரண்டு விரலைக் கவைபோல் உள்ளே விட்டுக் குடலை அமுக்கி, விரல்களுக்கு நடுவே கத்தியை வாய் வெளிப்புறமாக நகர்த்துங்கள். பித்தப்பை ஈரலோடு ஒட்டியிருக்கும். ஈரலிலிருந்து அதைப் பிரிக்கும்போது கத்தி முனையைக் கிட்டக் கொண்டுபோகாமல் கையால் பிடித்து உரியுங்கள். இரைப்பை கசிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பரப்பாதீர்கள். பட்ட இடத்தை வெட்டி எறியுங்கள்.

கால்களை மூட்டில் பிரியுங்கள். மூட்டை ஆட்டிப் பார்த்து இடைவெளியைக் கண்டுபிடித்தால் இந்தச் சின்னக் கத்தியே போதும். இதனால் எலும்பைக் கொத்தினால் வாயில் பிறைபோல் துண்டு விழும், அதைச் சரிசெய்ய அரை மில்லிமீற்றர் உருக்கைத் தேய்க்க வேண்டிவரும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தீட்டுக்கோலில் பக்கத்துக்கு மூன்று இழுப்பு. ரோமம் தொட்ட கத்தி இறைச்சிக்கு மாறுமுன் கொதிநீரில் தோயட்டும். அறுப்புக்கூடங்களில் அதற்கான வெப்பம் 82 பாகை. கொழும்பு வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குடல் வெளியே வந்திருக்க வேண்டும், இறைச்சி தாமதமில்லாமல் குளிருக்குப் போக வேண்டும்.

11. கழுவி வைப்பது

முதலில் குளிர்ந்த தண்ணீர். சுடுநீர் இரத்தத்தை உறையவைத்துப் பிடி இடுக்கில் ஒட்டிவிடும். பிறகு சவர்க்காரமும் வெந்நீரும், கொழுப்புப் போக. உடனே துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் காயட்டும். பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கறள் ஒருபுறம், அடுத்துக் கைவிடுபவர் விரல் மறுபுறம்.

கரிம உருக்கானால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பரஃபினை ஒரு துளி தடவுங்கள். தேங்காயெண்ணெயும் பரவாயில்லை. நல்லெண்ணெயும் சோயா எண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும். தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பத்திரிகைத்தாளில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பற்றுச்சீட்டையும் கல்லையும் சேர்த்தே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளைப் பிரித்துப் பார்த்து, செந்நிறப் புள்ளி தெரிந்தால் அன்றே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.